கன அடிக் கணக்கில் ஒரு வீடு

காரைக்குடிப் பக்கத்தில் பழைய வீட்டை இடிப்புக்கு எடுக்கும் வியாபாரி உள்ளே நுழைந்ததும் முதலில் அண்ணாந்துதான் பார்ப்பார். வாசல் நிலையில் செதுக்கியிருக்கும் கஜலட்சுமி எல்லாம் பிறகு. கூரையைத் தாங்கும் உத்தரங்கள் எத்தனை, அவற்றின் அகலமும் கனமும் என்ன, கைமரம் தேக்கா வேங்கையா என்று கண் ஓடும். அப்புறம் ஒரு தூணின் பின்பக்கம், யார் பார்வையும் படாத இடத்தில், சிறு உளியால் ஒரு கீறல். பல கை பெயின்ட்டுக்கு அடியில் பொன்னிறம் தெரிந்தால் அந்தத் துகளை விரலில் தேய்த்து முகர்ந்து பார்ப்பார். நல்ல தேக்கு நூறு வருஷம் கழித்துக் கீறினாலும் எண்ணெய் வாசம் தரும். விரல் முட்டியால் தட்டினால் போதும், கரையான் அரித்த மரம் பொத்தென்ற ஓசையில் தன்னைக் காட்டிக்கொடுத்துவிடும்.

அரை மணி நேரத்தில் அவர் மனதில் வீடு பிரிந்து கிடக்கும். இத்தனை கன அடி மரம், இத்தனை ஜோடி கதவு, எடைக்குப் போடும் இரும்பு கர்டர் இவ்வளவு, லோடு கணக்கில் செங்கல் இவ்வளவு. அதில் ஆள் கூலியையும் லாரி வாடகையையும் கழித்து ஒரு தொகை சொல்வார். "மரம் நல்லாத்தான் இருக்கு ஆச்சி. ஆனா மூலை உத்தரம் மூணும் தண்ணி பட்டு உளுத்திருச்சு" என்று இழுப்பார். "எங்க ஐயா பர்மாவிலேருந்து கப்பல்ல கொண்டாந்த மரம்" என்பது எதிர்ப்பக்கத்துப் பதிலாக இருக்கும். இரண்டு பேரும் சொல்வது உண்மை. இரண்டுக்கும் நடுவில்தான் விலை எங்கேயோ இருக்கிறது.

மராமத்து பார்க்க வேண்டிய வீட்டுக்கு எது நியாய விலை என்ற குழப்பம் எல்லா ஊரிலும் உண்டு. செட்டிநாட்டில் அந்தக் குழப்பத்துக்கு ஒரு நீண்ட வரலாறே இருக்கிறது. இன்றைய சிவகங்கை, புதுக்கோட்டை மாவட்டங்களில் எழுபதுக்கு மேற்பட்ட ஊர்களில் நாட்டுக்கோட்டை நகரத்தார் கட்டிய வீடுகளை கடந்த நூறு ஆண்டுகளில் குறைந்தது நான்கு விதமாக எடை போட்டிருக்கிறார்கள். ஒவ்வொரு கணக்கிலும் அதே வீட்டுக்கு வேறு வேறு விலை வந்தது.

முதல் கணக்கு கட்டியவர்களுடையது. அவர்கள் விற்கக் கட்டவில்லை. முதலில் அதைச் சொல்லியாக வேண்டும். 1852இல் கீழ் பர்மா ஆங்கிலேயர் கைக்குப் போனது. 1869இல் சூயஸ் கால்வாய் திறந்தது. ஐராவதி டெல்டாவின் அரிசிக்கு ஐரோப்பியச் சந்தை எட்டும் தூரத்துக்கு வந்தபோது, காடு வெட்டிக் கழனியாக்கிய பர்மிய உழவர்களுக்குக் கடன் கொடுக்க ஆள் தேவைப்பட்டது. அந்த இடத்தில் நகரத்தார் போய் உட்கார்ந்தார்கள். 1930ஐ ஒட்டி பர்மாவில் மட்டும் சுமார் 1,650 நகரத்தார் கடைகள் இருந்ததாக அன்றைய வங்கி விசாரணைக் குழு கணக்கெடுத்தது. இலங்கை, மலேயா, சைகோன் என்று தொழில் பரவியது. ஆண்கள் கடல் கடந்து கணக்கு எழுத, பெண்களும் பிள்ளைகளும் வறண்ட செம்மண் பூமியில் இருந்த ஊரிலேயே இருந்தார்கள். சம்பாத்தியம் வீடாக எழும்பியது.

பர்மாத் தேக்கு தூணாகவும் உத்தரமாகவும் நின்றது. இத்தாலியச் சலவைக்கல் தரைக்கு வந்தது. சுவரின் கீழ்ப்பகுதிக்கு ஜப்பானிலிருந்தும் இங்கிலாந்திலிருந்தும் வழவழப்பான ஓடுகள், கூடத்துக்கு பெல்ஜியம் கண்ணாடி, மாடிக்கு வார்ப்பிரும்புத் தூண்கள். வெளிநாட்டுச் சரக்குக்குச் சற்றும் குறையாத உள்ளூர்ச் சரக்கும் இருந்தது. ஆத்தங்குடியில் கண்ணாடிப் பலகை மேல் வண்ணக் கலவையை ஊற்றி, மேலே மணலும் சிமென்டும் சேர்த்து வார்த்தெடுக்கும் தரைக்கல் அதில் ஒன்று. சுவர்ப்பூச்சு இன்னொன்று. சுண்ணாம்பை நாள்கணக்கில் ஊறவைத்து அரைத்து, கடுக்காய், கருப்பட்டி, முட்டை வெள்ளைக்கரு சேர்த்து, கை மேல் கையாகப் பூசி, கடைசியில் வழுவழுப்பான கல்லால் தேய்த்துத் தேய்த்து மெருகேற்றுவார்கள். உள்ளங்கையை வைத்தால் சித்திரை வெயிலிலும் குளிரும். முகம் பார்க்கலாம் போல மின்னும்.

இந்த வீடுகளின் கட்டுமானத்தைப் புரிந்துகொண்டால்தான் பிறகு விலைக்கு என்ன ஆனது என்பது விளங்கும். முன்னால் திண்ணையும் முகப்பும். ஆண்கள் பேசுவதும் கணக்குப் பார்ப்பதும் அங்கே. உயரமான நிலைப்படியைத் தாண்டினால் வளவு. நடுவில் வானம் பார்த்த முற்றம், நான்கு பக்கமும் தூண் நிறுத்திய தாழ்வாரம், அதை ஒட்டி வரிசையாக அறைகள். கல்யாணமான ஒவ்வொரு மகனுக்கும் ஒரு பங்கு அறை. கல்யாணமான ஆண் ஒரு 'புள்ளி'. கோயில் வரி முதல் வீட்டுப் பங்கு வரை நகரத்தார் கணக்கெல்லாம் புள்ளிக் கணக்குதான். வளவைத் தாண்டி இரண்டாம் கட்டு, மூன்றாம் கட்டு, அடுப்படி, கிணறு, தோட்டம் என்று வீடு நீண்டு அடுத்த தெருவில் போய் முடியும். அறை அவரவருக்கு, முகப்பும் முற்றமும் கிணறும் எல்லோருக்கும் பொது.

கல்யாணம், சாந்தி, முன்னோருக்குப் படைப்பு என்று எது நடந்தாலும் இந்த வீட்டில்தான் நடக்க வேண்டும். வீட்டைக் கட்டிப்பார், கல்யாணம் பண்ணிப்பார் என்ற பழமொழியின் இரண்டு பாதிகளும் இங்கே ஒன்றாகிவிட்டன. கல்யாணம் பண்ணத்தான் வீடு கட்டினார்கள். ஆயிரம் பேர் உட்கார்ந்து சாப்பிடக்கூடிய இடத்தில் சாதாரண நாள்களில் நாலைந்து பேர் இருப்பார்கள். அப்படிப்பட்ட கட்டடத்துக்குச் சந்தை விலை என்று ஒன்று உருவாகவே வாய்ப்பில்லை. வாங்குவதற்கு இன்னொரு நகரத்தார் குடும்பம்தான் வர வேண்டும். அந்தக் குடும்பமும் தன் ஊரில் தன் வீட்டைக் கட்டிக்கொண்டிருந்தது.

1930இல் நெல் விலை சரிந்தது. கடன் வாங்கிய பர்மிய உழவர்கள் பணமாகத் திருப்ப முடியாமல் நிலமாகக் கொடுத்தார்கள். கீழ் பர்மாவின் முக்கியமான 13 நெல் மாவட்டங்களில் 1930இல் சாகுபடி நிலத்தில் 6 சதவீதம் நகரத்தார் வசம் இருந்தது. 1938இல் அது 25 சதவீதமாயிற்று. காகிதத்தில் நிலம் நாலு மடங்கு பெருகியது. கையில் காசு இல்லை. 1942 மார்ச்சில் ஜப்பானியப் படை ரங்கூனைப் பிடித்தது. கப்பல் கிடைத்தவர்கள் கப்பலிலும், கிடைக்காதவர்கள் மலைக்காட்டு வழியே நடந்தும் திரும்பினார்கள். 1948இல் விடுதலை பெற்ற பர்மா நிலங்களை நாட்டுடைமையாக்கச் சட்டம் போட்டது. ஊரில் இருந்த வீடு மட்டும் மிஞ்சியது. வருமானம் நின்ற பிறகு அந்த வீட்டைக் காப்பாற்றுவதே ஒரு செலவாகிப் போயிற்று.

அங்கிருந்து இரண்டாவது கணக்கு தொடங்குகிறது: பங்குக் கணக்கு.

எடுத்துக்காட்டுக்கு ஒரு வீட்டை வைத்துக்கொள்வோம். கட்டியவருக்கு நான்கு மகன்கள், அவர்கள் ஒவ்வொருவருக்கும் மூன்று, அந்தப் பன்னிருவருக்கும் மும்மூன்று. நான்காம் தலைமுறையில் 36 பங்கு. ஒருவர் கோயம்புத்தூரில், ஒருவர் கோலாலம்பூரில், ஒருவர் நியூ ஜெர்சியில். மழைக்காலத்தில் கூரை ஒழுகுகிறது. ஊரில் இருக்கும் ஒருவர் தன் கைக்காசில் 10 லட்சம் போட்டு ஓட்டை மாற்றினால் வீட்டின் மதிப்பு 10 லட்சம் ஏறியதாகவே வைத்துக்கொண்டாலும், அவருக்குச் சேர்வது 36இல் ஒரு பங்கு, 28,000 ரூபாய்க்கும் கீழே. மீதி 35 பேர் சும்மா இருந்தே சம்பாதித்துவிடுகிறார்கள். அவர் போடுவாரா? போடவில்லை. ஓடு நழுவிய இடத்தில் மழை இறங்கியது, கைமரம் உளுத்தது, சுண்ணாம்புச் சுவரின் விரிசலில் அரசங்கன்று முளைத்தது.

பங்கை விற்கலாமே என்றால் அதற்கும் சட்டம் குறுக்கே நின்றது. 1882ஆம் ஆண்டுச் சொத்து மாற்றுச் சட்டத்தின் 44ஆவது பிரிவு, பாகம் பிரிக்காத குடும்ப வீட்டில் ஒரு பங்கை வெளியாள் வாங்கினால் அவர் உள்ளே வந்து மற்றவர்களோடு குடியிருக்க உரிமை இல்லை என்கிறது. அவர் பாகம் கேட்டு நீதிமன்றம் போனால், 1893ஆம் ஆண்டுப் பாகப்பிரிவினைச் சட்டத்தின் 4ஆவது பிரிவுப்படி குடும்பத்துப் பங்காளி யாராவது அந்தப் பங்கை நீதிமன்றம் மதிப்பிடும் விலைக்குத் தானே வாங்கிக்கொள்ளலாம். குடும்பத்தின் அந்தரங்கத்தைக் காப்பதற்கான நல்ல சட்டங்கள்தான். ஆனால் விலைக்கு என்ன ஆகும்? உள்ளே போகவும் முடியாத, உறுதியாகத் தங்கவும் தங்காத ஒரு பங்குக்கு வெளியாள் என்ன கொடுப்பார்? வீட்டின் விலையை 36ஆல் வகுத்து வரும் தொகையைக் கொடுக்க மாட்டார். அதில் பாதி கொடுத்தாலே அதிகம் என்பார்.

பெண்களின் பங்கு இந்தக் கணக்கை மேலும் மாற்றியது. 1956ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டம் மகளுக்குப் பங்கு கொடுத்தது. ஆனால் குடியிருக்கும் வீட்டை மட்டும், ஆண் வாரிசுகள் பிரிக்க முன்வரும் வரை பெண் பிரிக்கக் கேட்க முடியாது என்று 23ஆவது பிரிவில் ஒரு தாழ்ப்பாளும் போட்டது. 1989இல் தமிழ்நாடு சட்டத்தைத் திருத்தி, கூட்டுக் குடும்பச் சொத்தில் மகளையும் பிறப்பால் பங்காளியாக்கியது. 2005இல் மத்தியச் சட்டமும் அதைச் செய்து, 23ஆவது பிரிவையும் நீக்கியது. நியாயப்படி பார்த்தால் வெகு காலம் தாமதமாக வந்த நியாயம். பத்திரத்தில் போட வேண்டிய கையெழுத்துகளும் அதற்கேற்பப் பெருகின. வாங்க வருபவர் சுவரைத் தட்டிப் பார்ப்பதற்கு முன் வம்சாவளியைக் கேட்பது வழக்கமானது. ஒரு கையெழுத்து குறைந்தாலும் முன்பணம் கைமாறாது.

மூன்றாவது கணக்கு சர்க்காருடையது. அதற்குக் கட்டடத்தின் மேல் காதலும் இல்லை, மரத்தின் மேல் கண்ணும் இல்லை. 1953 முதல் 1985 வரை இந்தியாவில் இறப்பு வரி இருந்தது. ஒருவர் இறந்த அன்று அவருடைய சொத்து பொதுச் சந்தையில் என்ன விலைக்குப் போயிருக்கும் என்று கணக்கிட்டு அதன் மேல் வரி. அதுவரை "எங்கள் வீட்டுக்கு ஈடு உண்டா" என்றவர்கள் வரி அதிகாரி முன் "கூரை ஒழுகுது, சுவர் வெடிச்சிருக்கு, யார் வாங்குவாங்க" என்று சொல்ல வேண்டியிருந்தது. பழுது முதல்முறையாக அனுகூலமானது.

பத்திரப் பதிவில் நிலைமை நேர்மாறு. விலையைக் குறைத்து எழுதி முத்திரைத்தாள் செலவை மிச்சம் பிடிப்பதைத் தடுக்க, சென்னை மாநிலம் 1967இல் முத்திரைச் சட்டத்தில் 47ஏ என்ற பிரிவைச் சேர்த்தது. பத்திரத்தில் எழுதிய தொகை சந்தை மதிப்பைவிடக் குறைவு என்று சார்பதிவாளர் நினைத்தால் ஆட்சியருக்கு அனுப்பலாம். அதன் தொடர்ச்சியாகத்தான் தெருவாரியான வழிகாட்டி மதிப்புப் பதிவேடு வந்தது. மனைக்குச் சதுர அடிக்கு இவ்வளவு என்று பதிவேட்டில் இருக்கும். கட்டடத்துக்குப் பொதுப்பணித் துறை விலைவீதம், அதில் வயதுக்குத் தக்க தேய்மானம். வாடகைச் சட்டமும் ஏறக்குறைய இதே வழியில்தான் போனது. 1960ஆம் ஆண்டுத் தமிழ்நாடு வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம், 1973 திருத்தத்துக்குப் பிறகு, மனையின் சந்தை மதிப்பையும் தேய்மானம் கழித்த கட்டடச் செலவையும் கூட்டி, குடியிருப்புக்கு ஆண்டுக்கு 9 சதவீதமும் மற்றதற்கு 12 சதவீதமும் நியாய வாடகை என்று வரையறுத்தது.

தேய்மானம் என்ற சொல்லில்தான் சிக்கல். நேற்றுக் கட்டிய கான்கிரீட் வீடு ஆண்டுக்கு ஆண்டு தேயும்; ஒப்புக்கொள்ளலாம். 1905இல் நிறுத்திய தேக்குத் தூண் நனையாமல் இருந்தால் தேய்வதில்லை, விலை ஏறுகிறது. நூறு ஆண்டு உலர்ந்த மரம் வளையாது, வெடிக்காது. பதிவேட்டின்படி அந்தத் தூண் நிற்கும் கட்டடம் ஏறக்குறையச் சூன்யம். தூணை மட்டும் கழற்றி வெளியே வைத்தால் கன அடிக்கு விலை. இப்படி ஒரு விசித்திரமான இடைவெளி தோன்றினால் வியாபாரி சும்மா இருப்பாரா?

நான்காவது கணக்கு பிறந்தது இந்த இடைவெளியில்தான்.

யானை இருந்தாலும் ஆயிரம் பொன், இறந்தாலும் ஆயிரம் பொன் என்பார்கள். செட்டிநாட்டு யானைக்கு இறந்த பிறகுதான் விலையே கிடைத்தது. சென்னையிலும் பெங்களூருவிலும் புது வீடு கட்டுபவர்களுக்குப் பழைய தூணும் நிலையும் தேவைப்பட்டன. உணவகங்களுக்கும் விடுதிகளுக்கும் தேவைப்பட்டன. காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் பழம்பொருள் கடைகள் வரிசை கட்டின. தெருவோடு நடந்தால் ஒரு வளவின் உறுப்புகளைத் தனித்தனியாகப் பார்த்துவிடலாம். சுவரில் சாய்த்த நிலைக்கதவு, போதிகைக் கட்டைகள், ரவிவர்மா அச்சுப் படங்கள், எனாமல் பாத்திரங்கள், பித்தளைத் தாம்பாளம், மரப்பெட்டி, கல்யாணச் சீராக வந்து ஒருமுறைகூட அடுப்பேறாத குண்டான்கள். பாத்திரத்தின் கழுத்தில் இன்னும் வீட்டு விலாசம் வெட்டியிருக்கும். நகரத்தார் வழக்கில் விலாசம் என்பது தெரு எண் அல்ல, பெயருக்கு முன் வரும் முதலெழுத்துகளின் தொடர். தாத்தா, தந்தை, கடை எல்லாம் அதற்குள் அடக்கம்.

சட்டம் ஓர் எல்லையில் வந்து நின்றது. 1972ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டம், நூறு ஆண்டுக்கு மேற்பட்ட பொருள்களைத் தனியார் வெளிநாட்டுக்கு அனுப்பத் தடை விதிக்கிறது. கட்டடத்திலிருந்து பிரித்தெடுத்த பொருளும் தொல்பொருள்தான் என்று அதன் விளக்கத்திலேயே இருக்கிறது. ஆனால் கட்டடத்தைப் பிரிப்பதை அது தடுக்கவில்லை. அதே மரம் உள்நாட்டில் எங்கு வேண்டுமானாலும் போகலாம். 2014 ஏப்ரல் 1 முதல் மியான்மர் உருட்டுக் கட்டைகளை ஏற்றுமதி செய்வதையே நிறுத்திக்கொண்டது. பர்மாத் தேக்குக்குச் செட்டிநாட்டு வீடுகளே காடாகிப்போன கதை இது. பர்மாவின் மோல்மேன் துறைமுகத்திலிருந்து ஒருகாலத்தில் வந்திறங்கிய மரம் இரண்டாம் முறை வெட்டுப்பட்டது.

இடிப்புக் கணக்கின் உள்ளே கொஞ்சம் போய்ப் பார்க்கலாம். எதற்கு விலை உண்டு? கழற்றக்கூடியதற்கு. உத்தரம், தூண், நிலை, கதவு, சன்னல் கம்பி, கர்டர், சலவைக்கல் பலகை. எதற்கு விலை இல்லை? கழற்ற முடியாததற்கு. முட்டைப்பூச்சுச் சுவரை உரித்து எடுத்துப் போக முடியாது. கடப்பாரை பட்டால் வெறும் காரை. ஆத்தங்குடிக் கல்லைப் பெயர்த்தால் பெரும்பாலும் உடையும். நான்கு கூரைச் சரிவும் மழையை முற்றத்தில் இறக்கி, கிணற்றுக்கும் தெரு வாய்க்கால் வழியாக ஊருணிக்கும் அனுப்பும் ஏற்பாட்டுக்கு லாரியில் இடமில்லை. வைகாசி மத்தியானத்தில் தாழ்வாரத்தில் வரும் காற்றுக்கும் இல்லை. வீட்டில் கைவினை அதிகம் போன இடங்களுக்கெல்லாம் பூஜ்யம், காட்டில் தானாக வளர்ந்ததற்குப் பணம். விற்பவர் கேட்ட விலையில் மூன்றில் ஒரு பங்கு சொன்னால் "அடிமாட்டு விலைக்குக் கேக்குறாங்க" என்று கொதிப்பார். சொல் பொருத்தமாகத்தான் விழுந்திருக்கிறது. அடிமாட்டை வாங்குபவருக்கும் பால் கணக்கு தேவையில்லை, எடைதான்.

ஆனாலும் விற்றவர்களைக் குறை சொல்வது சுலபம், அவர்கள் இடத்தில் நின்று பார்ப்பது கடினம். வீட்டை வீடாகவே வைத்துச் சீர்செய்தால் என்ன ஆகும் என்று கணக்குப் போட்டவர்கள் மலைத்துப் போனார்கள். நாட்டு ஓடு அடுக்கடுக்காகப் போட்ட கூரையைச் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை பிரித்து, உடைந்ததை எடுத்துவிட்டுத் திரும்ப அடுக்க வேண்டும். கைத்திறன் உள்ள ஆள் குறைவு, நாளும் அதிகம். தாழ்வாரக் கூரைகள் இரண்டு சேரும் உள்மூலையில்தான் முதலில் ஒழுகும். அங்கே ஒரு உத்தரம் போனால் அதை நம்பியிருக்கும் கைமரமெல்லாம் இறங்கும். ஆகவே வீட்டை வாங்க வருபவர் விவரம் தெரிந்தவரானால் முகப்பில் நேரத்தைச் செலவழிக்காமல் நேரே முற்றத்து மூலைகளுக்குப் போவார்.

செலவைக் குறைக்கப் பலர் செய்தது இன்னும் செலவு வைத்தது. சுண்ணாம்புச் சுவரில் விரிசல் கண்டால் சிமென்டைப் பூசினார்கள். சுண்ணாம்பு ஈரத்தை வாங்கி வெளியே விடும்; சிமென்ட் அந்த வழியை அடைத்துவிடும். உள்ளே சிக்கிய ஈரம் பக்கத்துச் சுவரில் உப்புப் பூத்து வெளிவந்தது. மேலே பிளாஸ்டிக் பெயின்ட் அடித்திருந்தால் கொப்புளம் கொப்புளமாக உரிந்தது. பழைய வீட்டுக்கு விலை பேசும்போது, கைபடாமல் பாழடைந்த சுவரைவிடச் சமீபத்தில் சிமென்ட் பூசிய சுவருக்குக் கூடுதலாகக் கழிக்க வேண்டும் என்பது சுண்ணாம்பு வேலை தெரிந்த கொத்தனாருக்குத் தெரியும். தரகருக்கு அது புரிவதில்லை. அவர் "இப்பத்தான் பூசினது" என்று அதற்கும் சேர்த்து விலை சொல்வார்.

விலையைப் பற்றி யோசிக்க இந்த வட்டாரத்துக்குச் சொந்தமில்லாத ஒரு பழைய வழக்கு உதவும். சென்னை மாகாணத்தில் எழுந்த வழக்குதான் அது. விசாகப்பட்டினம் துறைமுகத்துக்காக அரசு 1928இல் ஒரு ஜமீன்தாரின் நிலத்தை எடுத்தது. அதில் ஒரு நீரூற்று இருந்தது. அந்தத் தண்ணீரைப் பயன்படுத்தக்கூடிய ஒரே ஆள் துறைமுகம்தான் என்றிருக்கும்போது அதற்குத் தனி விலை எதற்கு என்பது அரசின் வாதம். வழக்கு லண்டன் பிரிவி கவுன்சில் வரை போனது. நிலம் இன்று என்னவாக இருக்கிறது என்பதோடு நிற்காமல் என்னவாக ஆக முடியும் என்பதற்கும் விலை உண்டு, ஆனால் அது ஆகிவிட்டது போலக் கணக்குப் போடக் கூடாது என்று 1939இல் தீர்ப்பு வந்தது. இந்திய நிலமெடுப்பு வழக்குகளில் இன்றும் அதை எடுத்துக்காட்டுகிறார்கள். பாழடைந்த வளவுக்கு அப்படியே பொருந்துகிறது. ஆகக்கூடியதன் விலையில், ஆக்குவதற்கான செலவையும் காலத்தையும் ஆபத்தையும் கழிக்க வேண்டும். சிக்கல் எங்கே என்றால், வளவு வேறு என்னவாக ஆக முடியும் என்று 1990கள் வரை யாருக்கும் தோன்றவில்லை.

1996இல் சென்னைக்குத் தெற்கே முட்டுக்காட்டில் தட்சிணசித்ரா திறந்தது. இடிபட இருந்த வீடுகளைப் பிரித்துக் கொண்டுவந்து அங்கே திரும்பக் கட்டியிருந்தார்கள்; அவற்றில் செட்டிநாட்டு வீடும் ஒன்று. பிரிப்பதற்காகவே பிரிப்பதற்கும் சேர்ப்பதற்காகப் பிரிப்பதற்கும் உள்ள வித்தியாசத்தை நகரத்துக்காரர்கள் நேரில் பார்த்தார்கள். 1999இல் காரைக்குடியில் மீனாட்சி மெய்யப்பன் தன் குடும்பத்துப் பங்களாவை விருந்தினர் விடுதியாக்கினார். 'பங்களா' என்ற பெயரே நிலைத்தது, சாப்பாட்டுக்காகவே வெளியூர்க்காரர்கள் வந்தார்கள். கானாடுகாத்தானில் ஒரு தந்தை மகளுக்காகக் கட்டிய 'விசாலம்' விடுதியாயிற்று. கோத்தமங்கலத்தில் 'சாரதா விலாஸ்' வீட்டை இரண்டு பிரெஞ்சுக் கட்டடக் கலைஞர்கள் பழைய முறையிலேயே சீர்செய்தார்கள். கடியாபட்டி 'சிதம்பர விலாஸ்' அடுத்து வந்தது. 2014இல் செட்டிநாட்டு ஊர்த் தொகுதிகள் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியத் தற்காலிகப் பட்டியலில் சேர்ந்தன. சினிமாக்காரர்கள் ஏற்கெனவே நாள் வாடகைக்கு வளவுகளை எடுத்துக்கொண்டிருந்தார்கள்.

விடுதிக்காரரின் கணக்கு இடிப்புக்காரரின் கணக்கைத் தலைகீழாக்கியது. கழற்ற முடியாதவைதான் அவருக்கு முதல். மெருகு போகாத பூச்சு, உடையாத ஆத்தங்குடித் தரை, முற்றத்தில் விழும் வெயில். அறைகளின் எண்ணிக்கை, குளியலறை வைக்க இடம், தண்ணீர், சாலையிலிருந்து தூரம். எல்லாவற்றுக்கும் மேலே, ஒரே கையெழுத்தில் முடியும் பட்டா. தேக்கின் கன அடி அவர் கணக்கில் கடைசி வரி.

அந்தக் கணக்கு எத்தனை வீட்டுக்குச் செல்லும் என்பது வேறு விஷயம். எந்த ஊரிலும் எத்தனை விடுதிகளுக்குத்தான் விருந்தாளி வருவார்கள்? ஆயினும் இருபது ஆண்டுக்கு முன் மர வியாபாரி சொன்ன தொகைதான் உச்ச விலை என்றிருந்த இடத்தில் இன்று அது அடிவிலை ஆகியிருக்கிறது. பங்காளிகள் சேர்ந்து பொதுநிதி வைத்து, படைப்புக்குக் கூடும் நாளில் ஓட்டுக்கும் சுண்ணாம்புக்கும் ஒதுக்குவது சில வீடுகளில் நடக்கிறது. ஒருவர் மற்றவர்களின் பங்கையெல்லாம் விடுதலைப் பத்திரத்தில் வாங்கி, வீட்டை ஒரே கைக்குக் கொண்டுவருவதும் உண்டு. அப்படிச் சேரும் கடைசிப் பங்குக்கு முதல் பங்கைவிட விலை கூடுதல். கடைசியாகக் கையெழுத்துப் போடுபவருக்கு அது தெரியும், காத்திருப்பார்.

ஒத்துக்கொள்ளாத இடங்களில் பாதி வீடு மட்டும் போய்விடுகிறது. அண்ணன் தம்பி இருவருக்கு நடுச்சுவர் வைத்துப் பிரித்த வளவில் ஒரு பக்கத்தார் தங்கள் பாதியை இடிப்புக்குக் கொடுத்திருப்பார்கள். உத்தரம் போய்விட்டது, தூண் போய்விட்டது, செங்கல்லும் லோடு ஏறிவிட்டது. நடுச்சுவர் மட்டும் மறுபாதிக்காரருக்கும் பங்கு என்பதால் நிற்கிறது. ஒருகாலத்தில் ஓர் உள்ளறையின் சுவராக இருந்த அந்தப் பக்கம் இப்போது தெருவைப் பார்த்திருக்கிறது. விளக்கு மாடம் அப்படியே இருக்கிறது, உத்தரம் செருகியிருந்த குழிகளில் மைனா கூடு கட்டியிருக்கிறது. வியாபாரி விலை போடாமல் விட்டுப்போன வெள்ளைப் பூச்சு மழையில் நனைந்து, வெயில் வந்ததும் பளபளக்கிறது. காலி மனையில் நின்று கையால் தடவினால் இன்னும் குளிர்கிறது.